வெள்ளைப் பாஷாணமும் எண்பது கிலோமீட்டரும்

1998 ஜனவரி முதல் 2004 டிசம்பர் வரை வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ரத்தப் புற்றுநோய் கண்ட 72 பேருக்கு ஒரே ஒரு மருந்தை முதன்மையாக வைத்துச் சிகிச்சை செய்தார்கள். நோயின் பெயர் அக்யூட் புரோமைலோசைட்டிக் லுக்கீமியா. மருத்துவர்கள் பேச்சில் அது ஏ.பி.எம்.எல். மருந்தின் பெயர் ஆர்சனிக் டிரையாக்சைடு. சித்த வைத்தியத்தில் வெள்ளைப் பாஷாணம் என்று சொல்லப்படும் பொருள்தான் அது. விக்ரம் மேத்யூஸ், பிஜு ஜார்ஜ், அலோக் ஸ்ரீவஸ்தவா, மேமன் சாண்டி முதலானோர் அடங்கிய குழு 2006-இல் அமெரிக்காவின் ‘பிளட்’ ஆய்விதழில் முடிவை வெளியிட்டது. 72 பேரில் 62 பேருக்கு நோய் முழுமையாகத் தணிந்திருந்தது. மூன்றாண்டுக் கணக்கில் நூற்றுக்கு 86 பேர் உயிரோடு இருந்தார்கள்.

திருவண்ணாமலையிலிருந்து வேலூர் ஏறத்தாழ எண்பது கிலோமீட்டர். போளூர், கண்ணமங்கலம் வழியாகப் பேருந்து போகிறது. விழுப்புரம் – காட்பாடி ரயில் பாதையும் ஊரைத் தொட்டுத்தான் போகிறது. உலகம் கவனித்த ஓர் ஆய்வு இவ்வளவு அருகில் நடந்திருக்கிறது. அப்படியிருக்க, செங்கத்திலோ கலசபாக்கத்திலோ ஜவ்வாது மலையிலோ ஒருவருக்கு இந்த நோய் வந்தால் அவர் பிழைப்பாரா என்பதை எது தீர்மானிக்கிறது? மருந்து ஒரு பங்குதான். மீதியைத் தீர்மானிப்பவை, நோய் தெரியவந்த நாளுக்கும் படுக்கை கிடைத்த நாளுக்கும் இடையிலுள்ள இடைவெளியும், தொடங்கிய சிகிச்சையை முடிக்கும்வரை அந்தக் குடும்பத்தால் தாக்குப்பிடிக்க முடிந்ததா என்பதும். இதை உணர்ச்சிவசப்பட்டுச் சொல்லவில்லை. கடந்த நாற்பதாண்டுகளில் தமிழ்நாட்டில் நடந்த ஆய்வுகளின் எண்களே இதைத்தான் சொல்கின்றன.

முதலில் ஏ.பி.எம்.எல். எப்படிப்பட்ட நோய் என்று பார்ப்போம். எலும்பு மஜ்ஜையில் வெள்ளையணு பிறந்து முதிர்ந்து ரத்தத்துக்கு வருவதற்குள் பல படிகளைக் கடக்கிறது. அதில் ஒரு படி புரோமைலோசைட். 15-ஆம் குரோமோசோமின் ஒரு துண்டும் 17-ஆம் குரோமோசோமின் ஒரு துண்டும் இடம் மாறி ஒட்டிக்கொள்ளும்போது, இயற்கையில் இல்லாத ஒரு கலப்புப் புரதம் உண்டாகிறது. அது அணுவை அந்தப் படியிலேயே நிறுத்திவிடுகிறது. முதிர வேண்டிய அணு முதிராமலே பெருகுகிறது. நோயாளியின் ரத்தத்தில் ஒரு சொட்டைக் கண்ணாடித் தகட்டில் தடவி, சாயமேற்றி நுண்ணோக்கியில் வைத்தால், ஊதா நிறத் துகள்கள் அணு முழுவதும் அப்பிக்கிடப்பதைக் காணலாம். சில அணுக்களில் அணுக்கருவின் விளிம்பு எங்கே முடிகிறது என்றே தெரியாது. சிலவற்றில் மெல்லிய சிவந்த குச்சிகள், கட்டிவைத்த சுள்ளியைப் போல ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும். பழகிய கண்ணுக்கு அந்தத் தகடு ஒன்றே போதும். மரபணுச் சோதனையின் முடிவு வரும்வரை காத்திராமல் அன்றே சிகிச்சையைத் தொடங்கிவிடலாம்.

அன்றே தொடங்கவும் வேண்டும். அந்த அணுக்கள் ரத்தம் உறையும் ஒழுங்கைக் குலைத்துவிடுகின்றன. ஈறில் ரத்தம், மூக்கில் ரத்தம், தோலில் நீலத் திட்டுகள் என்று தொடங்குவது, மூளைக்குள் கசிவாக முடியலாம். 1957-இல் நார்வே மருத்துவர் ஹில்லஸ்டாட் இந்த நோயைத் தனி வகையாக அடையாளம் காட்டியபோது, லுக்கீமியாக்களில் மிகக் கொடியது என்றே எழுதினார். இன்றோ பெரியவர்களுக்கு வரும் அக்யூட் லுக்கீமியாக்களில் மிக எளிதாகக் குணமாவது இதுதான். ஓர் ஆயுட்காலத்துக்குள் நடந்த தலைகீழ் மாற்றம் இது.

அந்த மாற்றத்துக்குக் காரணமான இரண்டு மருந்துகளும் சீனாவிலிருந்து வந்தவை. 1970-களின் தொடக்கத்தில், வடகிழக்குச் சீனாவின் ஹார்பின் நகர மருத்துவர் சாங் டிங்டோங்கும் மருந்தாளுநர் ஹான் தையுனும், கிராமப்புற வைத்தியர் ஒருவர் கையாண்ட மருந்தைச் சோதித்தார்கள். அதில் ஆர்சனிக்கும் பாதரச உப்பும் தேரை நஞ்சும் இருந்தன. ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்ததில், வேலை செய்வது ஆர்சனிக்தான் என்று தெரிந்தது. அடுத்து, ஷாங்காயில் வாங் சென்யி வைட்டமின் ஏ-யின் உறவுப் பொருளான ரெட்டினாயிக் அமிலத்தைக் கொடுத்துப் பார்த்தார். அவருடைய குழு 1988-இல் வெளியிட்ட முதல் அறிக்கையில் 24 நோயாளிகள். 24 பேருக்கும் நோய் தணிந்தது. இந்த அமிலம் கலப்புப் புரதத்தின் ஒரு பாதியைப் பற்றுகிறது. ஆர்சனிக் மறுபாதியைப் பற்றிச் சிதைக்கிறது. வழக்கமான கீமோவைப்போலக் கண்ணில் பட்ட அணுவையெல்லாம் கொல்லும் வழி இதில் இல்லை. நின்றுபோன அணுவை முதிர வைத்து, அதன் காலத்தில் அது சாக வழிவிடுகிறார்கள்.

சித்தர்களின் மலை என்று பெயர்பெற்ற ஊரில் இதைச் சொல்லும்போது ஒரு கேள்வி வராமல் இருக்காது. இடைக்காடர் அடங்கிய தலம் என்று நம்பப்படும் இடம் திருவண்ணாமலை. பாஷாண வகை அறுபத்து நான்கு என்று சித்த நூல்கள் எண்ணுகின்றன. வெள்ளைப் பாஷாணம், தாளகம், மனோசிலை மூன்றுமே ஆர்சனிக் சார்ந்தவை. அப்படியானால் நம்மிடம் ஏற்கெனவே இருந்ததுதானே? பொருள் இருந்தது; அதை ஆளும் நுட்பமும் இருந்தது. ஆனால் மருந்து என்று ஒன்றை நிலைநாட்டத் தேவையான வேறு சில காரியங்களை ஹார்பினிலும் வேலூரிலும் செய்தார்கள். எந்த வகை லுக்கீமியாவுக்கு என்று நோயைப் பிரித்தார்கள். பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 10 மில்லிகிராம், குழந்தைகளுக்கு எடைக்கேற்ப என்று அளவை நிறுத்தார்கள். இதயத் துடிப்பின் மின்வரைபடத்தைத் தொடர்ந்து பார்த்தார்கள். இறந்தவர்களையும் எண்ணி எழுதினார்கள். ஏ.பி.எம்.எல். அல்லாத மற்ற லுக்கீமியாக்களில் ஆர்சனிக் இப்படி வேலை செய்வதில்லை என்பதும் அந்தக் கணக்கிலிருந்து வந்த அறிவுதான். அந்தக் கணக்கு இல்லாமல், ரத்தப் புற்றுநோய் என்ற பொதுப்பெயரைக் கேட்டதும் பஸ்பம் மடித்துக் கொடுப்பவரிடம் ஒரு வாரத்தைக் கழிப்பது உயிரோடு விளையாடுவது. மரபின்மேல் மதிப்புள்ளவன் என்பதாலேயே இதை அழுத்திச் சொல்கிறேன்.

வேலூர்க் குழு ஆர்சனிக்கை மட்டும் நம்பி ஏன் இறங்கியது? அன்று உலகின் வழக்கம் ரெட்டினாயிக் அமிலத்தோடு ஆந்திராசைக்ளின் வகைக் கீமோவைச் சேர்ப்பது. அதன் செலவும், கீமோவுக்குப் பின் வரும் தொற்றுக்கான செலவும் பெரும்பாலான நோயாளிகளின் கைக்கு எட்டவில்லை. ஆர்சனிக் கொடுத்தால் முடி கொட்டுவதில்லை. நோய் தணிந்த பிறகு, வார்டில் தங்காமல் வெளிநோயாளியாகவே வந்து ஊசி போட்டுக்கொண்டு போகலாம். வறுமை இங்கே ஆய்வுக்கான கேள்வியையே மாற்றியமைத்தது. ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு இல்லாத ஆய்வு இது. அது அதன் குறை. ஆனால் 2013-இல் ஃபிரான்செஸ்கோ லோ-கோக்கோ தலைமையில் இத்தாலியிலும் ஜெர்மனியிலும் சீட்டுக் குலுக்கல் முறையில் நோயாளிகளைப் பிரித்து நடத்திய ஆய்வு, ரெட்டினாயிக் அமிலமும் ஆர்சனிக்கும் சேர்ந்தால் கீமோவே வேண்டாம் என்று காட்டியது. அபாயம் குறைந்த, நடுத்தர நோயாளிகளில் இரண்டாண்டுக்குப் பின் பாதகம் ஏதுமின்றி இருந்தவர்கள் அந்த வழியில் நூற்றுக்கு 97. கீமோ வழியில் 86. வேலூர் சென்ற பாதை சரியானதே என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

வேலூர் அறிக்கையின் எண்களை இன்னும் சற்றுப் பொறுமையாகப் படிக்க வேண்டும். நோய் தணிந்தவர்கள் 86 விழுக்காடு. மூன்றாண்டு உயிர்வாழ்வும் 86 விழுக்காடு. இரண்டும் ஒன்றாக இருப்பதன் பொருள் என்ன? அந்த முதல் அறிக்கையின் காலத்துக்குள் இழப்பு அநேகமாக முழுவதும் தொடக்க வாரங்களிலேயே நிகழ்ந்துவிட்டது. அந்தக் கட்டத்தைத் தாண்டியவர்களில் நோய் திரும்பியவர்களைக்கூட மறுபடி மீட்க முடிந்தது. இன்னொன்று: சேர்க்கப்பட்டபோது வெள்ளையணு எண்ணிக்கை ஒரு மைக்ரோலிட்டருக்கு 5,000-க்குக் கீழும், பிளேட்லெட் 20,000-க்கு மேலும் இருந்தவர்கள் 22 பேர். அவர்களில் ஒருவரைக்கூட நோய்க்குப் பறிகொடுக்கவில்லை, நூற்றுக்கு நூறு. எண்ணிக்கை ஏறாமல் இருப்பதற்குச் சீக்கிரம் வந்தது மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. நோயின் உள்ளியல்பும் ஆளுக்கு ஆள் மாறும். ஆனாலும் வெள்ளையணு பெருகும் முன், பிளேட்லெட் சரியும் முன் வந்து சேருவதன் மதிப்பை இந்த 22 பேர் காட்டுகிறார்கள். 2010-இல் வெளியான ஐந்தாண்டுக் கணக்கில் மொத்த உயிர்வாழ்வு 74 விழுக்காடாகக் குறைந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

தொடக்க நாட்களின் சாவு நம்முடைய வறுமைக்கு மட்டும் உரியதன்று. சுவீடன் நாட்டில் அநேகமாக எல்லா நோயாளியும் பதிவேட்டில் வந்துவிடுவார்கள். அங்கே 1997 முதல் 2006 வரை கண்டறியப்பட்ட 105 ஏ.பி.எம்.எல். நோயாளிகளில் 29 விழுக்காட்டினர் முப்பது நாட்களுக்குள் இறந்துபோனார்கள். அப்படி இறந்தவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டோருக்கு ரெட்டினாயிக் அமிலத்தின் ஒரு மாத்திரைகூட வாய்க்குப் போகவில்லை. மருத்துவ ஆய்வில் சேர்க்கப்படுகிறவர், ஆய்வு நடக்கும் மருத்துவமனைவரை உயிரோடு வந்து சேர்ந்தவர். வழியிலேயே போய்விட்டவர் எந்த ஆய்விதழின் அட்டவணையிலும் இல்லை.

அந்த வழி எப்படி இருக்கும்? ஜமுனாமரத்தூரை ஒட்டிய ஒரு மலைக்கிராமத்தில் இருபத்தைந்து வயதுக்காரருக்குக் காய்ச்சலும் அசதியும் என்று வைத்துக்கொள்வோம். முதலில் அருகிலுள்ள மருந்துக்கடை, அல்லது ஊசி போடுபவர். காய்ச்சல் குறையவில்லை, ஈறில் ரத்தம் வருகிறது. மழைக்காலமாக இருந்தால் டெங்கு என்ற சந்தேகம் எழும். பிளேட்லெட் குறைந்திருப்பதும் அதற்குப் பொருந்திவிடும். எண்ணிக்கை ஏறுகிறதா என்று பார்த்தபடி இரண்டு நாள் போகும். டெங்குவில் பிளேட்லெட் குறையும், வெள்ளையணுவும் குறையும், ஏ.பி.எம்.எல்.லிலும் பல நேரம் அப்படித்தான். இயந்திரம் அச்சடித்துத் தரும் எண்களை மட்டும் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். பிரித்துக் காட்டுவது அந்தக் கண்ணாடித் தகடுதான். ஸ்மியர் என்று எல்லா ஆய்வகத்திலும் சொல்லப்படும் இந்தச் சோதனைக்குத் தகடும், சாயமும், நுண்ணோக்கியும், பார்க்கத் தெரிந்த ஒருவரும் போதும். விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். தெரிந்த கண் வேண்டும், பார்ப்பதற்கு நேரமும் வேண்டும்.

இதில் இன்னொரு கேடும் உண்டு. காய்ச்சலுக்கும் மூட்டுவலிக்கும் டெக்சாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு ஊசி போட்டு அனுப்பும் பழக்கம் நம் சிற்றூர்களில் இன்னும் போகவில்லை. குழந்தைகளுக்கு வரும் அக்யூட் லிம்போபிளாஸ்டிக் லுக்கீமியாவில், அதாவது ஏ.எல்.எல்.லில், ஸ்டீராய்டே முதல்வரிசை மருந்து. அரைகுறையாகப் போட்ட ஊசி நோயைச் சில வாரம் மறைத்துவைக்கும். குழந்தை தெளிந்துவிட்டது என்று பெற்றோர் நிம்மதியடைவார்கள். பிறகு நோய் திரும்பி வரும்போது, முதல் மருந்துக்கு அது எப்படி வசப்பட்டது என்ற தகவல், சிகிச்சையின் தீவிரத்தை முடிவு செய்யும் தகவல், கலங்கிப்போயிருக்கும்.

ஏ.எல்.எல்.லுக்கு மருந்து கண்ட வரலாற்றில் சென்னைக்கு ஒரு பங்குண்டு. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ் அமெரிக்காவின் லெடர்லி ஆய்வகத்தில் ஃபோலிக் அமிலத்துக்கு எதிரான சேர்மங்களை உருவாக்கிய குழுவை வழிநடத்தினார். அவற்றில் ஒன்றான அமினோப்டெரினை பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் குழந்தைகளுக்குக் கொடுத்தார். 1948-இல் வெளியான அறிக்கையில் 16 குழந்தைகள். 10 பேருக்குத் தற்காலிகமாகவேனும் நோய் தணிந்தது. ரத்தப் புற்றுநோயை ஒரு மருந்தால் பின்வாங்கச் செய்ய முடியும் என்று உலகம் அறிந்தது அப்போதுதான். அதே ஆண்டு ஆகஸ்டில் சுப்பாராவ் காலமானார். அமினோப்டெரினின் குடும்பத்தைச் சேர்ந்த மெத்தோட்ரெக்சேட் இன்றும் நம் குழந்தைகள் வாரம் ஒருமுறை விழுங்கும் மாத்திரை.

மருந்து தெரிந்த பிறகும் நம் நாட்டில் குழந்தைகள் பிழைக்கவில்லை. 1970-களில் சிறப்பு மையங்களில்கூட ஏ.எல்.எல். வந்தவர்களில் நூற்றுக்கு இருபது பேருக்கும் குறைவாகவே நெடுநாள் தேறினார்கள். 1954-இல் 12 படுக்கைகளுடன் அடையாறில் தொடங்கிய புற்றுநோய் நிலையம், மும்பை டாடா மருத்துவமனை, டெல்லி எய்ம்ஸ் ஆகிய மூன்றும் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் இயன் மக்ராத்துடன் சேர்ந்து 1984 முதல் எம்.சி.பி.-841 என்ற ஒரே சிகிச்சை நெறியைப் பின்பற்றத் தொடங்கின. அடையாறில் டாக்டர் வி. சாந்தாவும் டி.ஜி. சாகரும் அதில் ஈடுபட்டவர்கள். 2005-இல் வந்த தொகுப்பறிக்கை, பாதகமின்றி நான்காண்டு வாழ்ந்தவர்கள் 45 முதல் 60 விழுக்காடாக உயர்ந்ததைப் பதிவு செய்தது. அதில் புதிதாகச் சேர்க்கப்பட்டது 1990-97 காலத்தின் 1,048 நோயாளிகளின் விவரம்.

அந்த அறிக்கையில் என்னை நிறுத்திவைத்தது உயர்வைக் காட்டும் எண் இல்லை; மேலைநாட்டு அளவை ஏன் எட்டவில்லை என்பதற்கு அவர்கள் எழுதிய விளக்கம். நம் குழந்தைகளில் கணிசமானோர் நோயால் சாகவில்லை, சிகிச்சையின் நச்சுவிளைவாலும் தொற்றாலும் செத்தார்கள். காரணமாக அவர்கள் அடுக்கியவை: தாமதமாகக் கண்டறிந்ததால் முற்றிய நோய், கூடவே இருந்த வேறு தொற்றுகள், சாதாரண வீட்டில் காக்கக்கூடிய சுகாதாரத்தின் அளவு, அவசரத்துக்கு மருத்துவமனையை எட்ட முடியாமை, மருத்துவமனையிலேயே துணைச் சிகிச்சை வசதிகளின் குறைவு. சென்னையில் ஏ.எல்.எல்.லின் டி-அணு வகை அதிகம் என்ற உயிரியல் காரணமும் உண்டு. ஆனால் பட்டியலின் பெரும்பகுதி ஆய்வகத்துக்கு வெளியே இருக்கிறது. குடிதண்ணீரும் கழிப்பறையும் பேருந்தும் ஒரு புற்றுநோய் ஆய்வறிக்கையில் உயிர்வாழ்வுக்கான காரணிகளாக இடம்பெறுகின்றன.

கீமோ நடக்கும்போது குழந்தையின் வெள்ளையணு அடியோடு இறங்கும். அப்போது வரும் காய்ச்சல் நம்முடைய சாதாரணக் காய்ச்சல் இல்லை. ஒரு மணி நேரத்துக்குள் நரம்பு வழியாக ஆன்டிபயாடிக் ஏற வேண்டும் என்பது உலகெங்கும் ஒப்புக்கொண்ட இலக்கு. இரவு பதினொரு மணிக்குத் தண்டராம்பட்டு பக்கத்தில் ஒரு குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால், எண்பது கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள வேலூரோ, நூறு கிலோமீட்டருக்கு மேலுள்ள புதுச்சேரி ஜிப்மரோ அந்த ஒரு மணி நேரத்துக்குள் வராது. பௌர்ணமியன்று பதினான்கு கிலோமீட்டர் கிரிவலப் பாதையும் நகரச் சாலைகளும் நிரம்பிவழியும் இரவாக இருந்தால் சொல்லவே வேண்டாம். முதல் ஊசி உள்ளூரிலேயே போடப்பட வேண்டும். திருவண்ணாமலையில் 2013 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. சிகிச்சை நடக்கும் பெரிய மையம் நோயாளியின் கையில் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்து, அதைக் காட்டினால் எந்தக் கேள்வியுமின்றி உள்ளூர் மருத்துவமனை முதல் ஊசியைப் போட்டுவிட்டு அடுத்ததை யோசிக்கும் ஏற்பாடு, பிரிட்டனில் பகிர்வுச் சிகிச்சை என்ற பெயரில் பல ஆண்டுகளாக நடப்பதுதான். இதற்குப் புது மருந்து எதுவும் வேண்டாம்.

ஏ.எல்.எல். சிகிச்சை இரண்டு முதல் இரண்டரை ஆண்டு நீள்கிறது. முதல் சில மாதம் கடுமை. பிறகு ஏறத்தாழ ஒன்றரை ஆண்டுக்கும் மேலாக வீட்டிலிருந்தபடி தினம் ஒரு மாத்திரை, வாரம் ஒரு மாத்திரை. குழந்தை ஓடியாடும், முடி வளர்ந்துவிடும், பள்ளிக்கூடம் போகும். பார்ப்பவர்களுக்கு நோய் போய்விட்டதாகத் தோன்றும் இந்தக் கட்டத்தில்தான் சிகிச்சை நின்றுபோகும். ஸ்மிதா பாட்டியா தலைமையில் அமெரிக்காவில் நடந்த ஆய்வில், மாத்திரைப் புட்டியின் மூடியில் மின்னணுக் கருவி பொருத்தி எந்த நாளில் திறந்தார்கள் என்று பதிவு செய்தார்கள். நூற்றில் 95 நாளுக்குக் குறைவாக மாத்திரை எடுத்தவர்களுக்கு நோய் திரும்பும் அபாயம் இரண்டரை மடங்குக்கும் மேல். இருபது நாளில் ஒரு நாளுக்கு மேல் தவறினாலே இந்த நிலை.

சிகிச்சையைத் தொடங்காமலே போவதையும், நான்கு வாரமோ அதற்கு மேலோ இடையில் விட்டுவிடுவதையும் குழந்தைப் புற்றுநோய்க்கான உலகச் சங்கம் சிகிச்சை கைவிடல் என்று வரையறுத்திருக்கிறது. ஆய்வுகளைப் படிப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். கணக்கு விளங்குவதற்காக ஓர் உதாரணம். நூறு குழந்தைகள் சேர்ந்தார்கள்; 56 பேர் நலம், 24 பேர் இறப்பு, 20 பேர் பாதியில் போய்விட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். போனவர்களைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டால் வெற்றி 70 விழுக்காடு. போனவர்களையும் இழப்பாகச் சேர்த்தால் 56. இரண்டையும் புள்ளியியலின் பெயராலேயே எழுத முடியும். நம் நாட்டு ஏ.எல்.எல். ஆய்வு எதைப் படித்தாலும், விட்டுப்போனவர்களை எந்தப் பக்கம் எழுதினார்கள் என்று முதலில் தேடுங்கள். இரண்டையும் வெளிப்படையாகத் தரும் ஆய்வே நம்பத்தக்கது.

பணம்தான் காரணம் என்று சொல்லி இதை முடித்துவிட முடியாது என்பதற்குச் சென்னையிலேயே சான்று இருக்கிறது. சி.எம்.எல். எனப்படும் நாட்பட்ட மைலாய்டு லுக்கீமியாவுக்கு இமாட்டினிப் என்ற மாத்திரை 2001-இல் வந்தது. அதற்கு முன் மஜ்ஜை மாற்றம் ஒன்றே குணமாக்கும் வழி. மாத்திரை வந்தபின் தினம் ஒன்றை விழுங்கிக்கொண்டு வேலைக்குப் போகலாம் என்றானது. பத்தாண்டுக்குப் பின்னும் நூற்றுக்கு 83 பேர் உயிரோடிருப்பதை உலகளாவிய ஆய்வு 2017-இல் காட்டியது. அதைக் கொண்டுவந்த நோவார்ட்டிஸ் நிறுவனத்தின் மாத்திரைக்கு அன்று மாதம் ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் ஆனது. இந்திய நிறுவனங்களின் மாத்திரைக்கு அதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே ஆனது. இந்த விலை வேறுபாட்டின் வழக்கு நம் மண்ணில்தான் நடந்தது: 2006 ஜனவரியில் சென்னைக் காப்புரிமை அலுவலகம் நோவார்ட்டிஸின் விண்ணப்பத்தை நிராகரித்தது, 2007-இல் சென்னை உயர்நீதிமன்றம் சட்டப்பிரிவு 3(டி)-க்கு எதிரான மனுவைத் தள்ளியது, 2013 ஏப்ரல் 1 அன்று உச்சநீதிமன்றம் இறுதித் தீர்ப்பு சொன்னது. உலகில் சி.எம்.எல். நோயாளிகள் பலரை வாழவைத்த தீர்ப்பு அது என்பதில் எனக்கு ஐயமில்லை.

ஆனால் மாத்திரை கைக்கு வந்த பிறகு என்ன நடந்தது? அடையாறு புற்றுநோய் நிலையத்தில் பிரசாந்த் கணேசன், சாகர் முதலானோர் 516 நோயாளிகளைத் தொடர்ந்து பார்த்து 2011-இல் எழுதினார்கள். ஏறக்குறைய 30 விழுக்காட்டினர் ஏதோ ஒரு கட்டத்தில் மாத்திரையை ஒழுங்காக எடுக்கவில்லை. ஒழுங்காக எடுத்தவர்களில் ஐந்தாண்டு பாதகமின்றி இருந்தவர்கள் சுமார் 77 விழுக்காடு. எடுக்காதவர்களில் சுமார் 60. ஒரே மாத்திரை, ஒரே மருத்துவமனை, பதினேழு விழுக்காடு வேறுபாடு. புதிய மருந்து ஒன்று இப்படி ஒரு வேறுபாட்டைக் காட்டினால் உலக மாநாடுகளில் கைதட்டல் எழும்.

தமிழ்நாட்டில் 2009-இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி, 2012 முதல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக நடப்பது, ஆண்டு வருமானம் 1.2 லட்சத்துக்குள் உள்ள குடும்பத்துக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரை காப்பு தருகிறது. இது பெரிய காரியம். ஆனால் காப்பீடு மருத்துவமனைக் கட்டணத்தைச் செலுத்துகிறது. வேலூரிலோ அடையாறிலோ அறை எடுத்துத் தங்கும் வாடகை, துணைக்கு வந்த தகப்பனின் போன கூலி, வீட்டில் விட்டுவந்த மற்ற பிள்ளைகள், விற்கப்பட்ட கறவை மாடு ஆகியவை எந்த அட்டையிலும் அடங்காது. ஓய்வின்றி உழைத்தால்தான் அடுப்பு எரியும் வீட்டில் இரண்டரை ஆண்டுச் சிகிச்சை என்பது மருந்தின் விலையைவிடப் பெரியது.

இதற்கிடையே புதிய சிகிச்சைகளும் வருகின்றன. மும்பை ஐ.ஐ.டி.யும் டாடா மருத்துவமனையும் சேர்ந்து உருவாக்கிய நெக்ஸ்கார்-19 என்ற சி.ஏ.ஆர்.-டி அணுச் சிகிச்சைக்கு 2023 அக்டோபரில் அனுமதி கிடைத்தது. நோயாளியின் சொந்த டி-அணுவை எடுத்து, மரபணுவை மாற்றி, பி-அணு லுக்கீமியாவையும் லிம்ஃபோமாவையும் தாக்கும்படி திருப்பி அனுப்பும் முறை. மேலைநாட்டு விலையில் சிறு பங்குதான் என்றாலும் சில பத்து லட்சம் ரூபாய். பெருமைப்பட வேண்டிய சாதனை. மற்ற சிகிச்சைகள் கைவிட்டவர்களுக்கு அது வாசல் திறக்கும். ஆனால் அந்த வாசல்வரை வருபவர் முதலில் நோயைக் கண்டறியப்பெற்று, முதல் தொற்றில் தப்பி, முதல் சிகிச்சையை முடித்திருக்க வேண்டும்.

திருவண்ணாமலை மாவட்டத்துக்கென்று செய்ய வேண்டிய ஆய்வு என்னைப் பொறுத்தவரை மிக எளிமையானது. மாநிலம் முழுவதையும் உள்ளடக்கிய புற்றுநோய்ப் பதிவு தமிழ்நாட்டில் உண்டு. அதில் இம்மாவட்டத்து லுக்கீமியா நோயாளி ஒவ்வொருவருக்கும் நான்கு தேதிகளைச் சேர்த்து எழுதினால் போதும்: முதல் அறிகுறி தோன்றிய நாள், முதன்முதலில் மருத்துவரைப் பார்த்த நாள், ஸ்மியர் பார்க்கப்பட்ட நாள், முதல் மருந்து ஏறிய நாள். இந்த நான்குக்கும் நடுவே எங்கே நாட்கள் தொலைகின்றன என்று தெரிந்துவிட்டால், பணத்தையும் ஆளையும் அங்கே வைக்கலாம். நாள் தொலைவது மலையிலிருந்து இறங்கும் வழியிலா, டெங்கு வார்டிலா, வேலூரில் படுக்கைக்குக் காத்திருக்கும் வரிசையிலா என்று ஊகித்துக்கொண்டிருக்க வேண்டாம்.

படிக்கும் உங்களுக்கும் ஒரு சொல். வீட்டில் யாருக்கேனும் அடிபடாமலே நீலத் திட்டு தோன்றினால், ஈறிலோ மூக்கிலோ ரத்தம் நிற்காமல் வந்தால், ஒரு வாரம் தாண்டியும் காய்ச்சல் விடாமல் முகம் வெளிறினால், ரத்த அணு எண்ணிக்கையோடு ஸ்மியரையும் அன்றே பார்க்கச் சொல்லுங்கள். அதற்கு முன் ஸ்டீராய்டு ஊசிக்குக் கை நீட்டாதீர்கள். தெருவில் கீமோ எடுக்கும் குழந்தை இருந்தால், வேலூருக்குப் போகும் நாளில் அதன் தம்பி தங்கைக்குச் சோறு போட்டு, பள்ளிக்கு அனுப்பி வையுங்கள். பிளேட்லெட்டை ஐந்து நாளுக்கு மேல் சேமித்து வைக்க முடியாது. ரத்தம் கொடுக்க நினைப்பவர்கள் ஆண்டுக்கொரு முகாமோடு நிறுத்திக்கொள்ளாமல், ரத்த வங்கியில் தொலைபேசி எண்ணைக் கொடுத்துவிட்டு, அழைத்த அன்று போய் நில்லுங்கள்.